இரண்டாவது காவித்துணி

பேசாமல் இருப்பதுகூடப் பெரிய கஷ்டமில்லை. தான் பேசாமல் இருப்பதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லையே, அதுதான் கஷ்டம். மார்கழி பிறந்த முதல் வாரத்திலேயே நல்லபெருமாளுக்கு இது பிடிபட்டுவிட்டது.

செம்பாறை மடத்தில் மார்கழி முழுவதும் மௌனம். குரு ஏகம்பச் சாமிக்கு நாற்பதை ஒட்டிய வயது. சீடர்கள் எல்லோரும் அவரைவிட மூத்தவர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் தங்கள் பேச்சை யாரும் கேட்பதில்லை என்று தெரிந்துகொண்ட பிறகு மௌனத்தைத் தேடி வந்தவர்கள்.

நல்லபெருமாள் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். பச்சைக்கொடி, சிவப்புக்கொடி, கைவிளக்கு என்று ஆயுள் முழுக்க வாயைத் திறக்காமலே ரயில்களை நிறுத்தியும் அனுப்பியும் பழகியவர். மௌனம் தனக்குச் சுலபமாக வரும் என்றுதான் நினைத்தார்.

மாசானம் காய்கறிச் சந்தையில் ஏலம் கூறியவர். அவர் குரல் சந்தையைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். கத்தரிக்காய் வாங்காதவர்களும் அன்றைய கத்தரிக்காய் விலையைத் தெரிந்துகொண்டுதான் பஸ் ஏறினார்கள். அப்படிப்பட்ட மனிதருக்கு மௌனத்தில் ஆசை வந்தது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவர் வீட்டார் மட்டும் மடத்துக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பிவைத்தார்கள்.

இருவரும் ஒரே நாளில், ஒரே பஸ்ஸில் மடத்துக்கு வந்தவர்கள். மாசானம் முன்படியில் இறங்கினார், நல்லபெருமாள் பின்படியில் இறங்கினார். இதில் யார் மூத்தவர் என்பது இன்னும் தீரவில்லை. மார்கழி முழுவதும் ஒரு சொல்லும் பேசாதவருக்குத் தை முதல் நாள் காவி. முதலில் காவி வாங்குகிறவர் மூத்தவர். மூத்தவருக்குப் பந்தியில் முதல் இலை. வீடு வாசல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்குப் போட்டிபோட மிச்சம் இருந்தது அந்த இலை ஒன்றுதான்.

போன மார்கழியில் இரண்டு பேருமே தோற்றார்கள். நல்லபெருமாள் ஒரு நாள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது தூரத்தில் பாசஞ்சர் வண்டி ஊதியது. "லேட்டு" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு ஒரு வருஷம் போயிற்று. மாசானத்துடையது இன்னும் பரிதாபம். முடிகிற சமயத்தில் ஒரு மத்தியானத் தூக்கத்தில் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று ஆரம்பித்துவிட்டார். மடமே எழுந்து உட்கார்ந்தது. உதடு அசையத் தொடங்கியபோதே யாராவது அவரை எழுப்பியிருக்கலாம். பக்கத்தில் படுத்திருந்த நல்லபெருமாள் எழுப்பவில்லை.

அதனால் இந்த வருஷம் இருவரும் முன்னேற்பாட்டோடு இருந்தார்கள். வண்டி வரும் நேரத்துக்கு நல்லபெருமாள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார். மாசானம் தூங்கும்போது வாயை ஒரு துண்டால் இரண்டு சுற்றுச் சுற்றி, பிடரியில் இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டார். அப்படியும் பயம் போகாமல் தூக்கத்தையே குறைத்தார். கண்கள் உள்ளே போய், நடக்கும்போதே தலை ஆட ஆரம்பித்துவிட்டது. மற்றவர்கள் அதைத் தியானத்தின் களை என்று நினைத்து வணங்கினார்கள்.

எழுதிக் காட்டவும் கூடாது. முன்பு ஒரு சீடர் கழுத்தில் சிலேட்டை மாட்டிக்கொண்டு திரிந்தார். சாமி பல்பத்தை வாங்கி உடைத்து, நாக்கைக் கொண்டுபோய்க் கையில் வைத்துக்கொண்டால் அது மௌனமா என்று கேட்டார். அன்றிலிருந்து எழுத்து நின்றது. மடத்துக்கென்று சில சைகைகள் மட்டும் மிஞ்சின. உப்புக்கு ஒன்று, மோருக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, போதும் என்பதற்கு ஒன்று. எல்லாம் சாப்பாட்டைப் பற்றியவை. ஆபத்துக்கு என்று ஒரு சைகை இல்லை. அது வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

கார்த்திகை முடியும் நாளில், விரதம் தொடங்குவதற்கு முன்னால், நல்லபெருமாள் சாமியிடம் போனார். சாமி குளியல்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"சாமி, மௌனம்னா என்ன?"

சாமி திரும்பிப் பார்க்கவில்லை.

"போய்க் கிணத்தைப் பாரும்" என்றார்.

நல்லபெருமாள் போய்ப் பார்த்தார். நிறைந்து கிடந்தது தண்ணீர். ஒரு சத்தம் இல்லை. வானம் அதில் இருந்தது, தன் முகமும் இருந்தது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. ஒன்றும் பேசாமல் திரும்பிவந்து, சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். அன்று முதல் தினமும் காலையிலும் மாலையிலும் போய்க் கிணற்றைப் பார்த்தார்.

அதை மாசானம் கவனித்துவிட்டார். நல்லபெருமாள் கிணற்றைப் பார்த்தால், மாசானம் கிணற்றின் மேலேயே உட்கார்ந்தார். கைப்பிடிச் சுவரில், காலைச் சம்மணம் போட்டு.

மார்கழியின் கடைசி நாள். மறுநாள் காவி. மற்றவர்கள் ஆளுக்கொரு நாள் ஒரு சொல்லைத் தவறவிட்டு, அடுத்த வருஷத்துக்குப் பழகிக்கொண்டிருந்தார்கள்; மிஞ்சியவர்கள் இந்த இருவர்தான். சாமி துணிகளை வாங்கிவரக் காலையிலேயே டவுனுக்குப் போயிருந்தார். சமையல்காரி பேராச்சி உலை வைத்திருந்தாள். மடத்தில் விரதம் இல்லாத, வாய் உள்ள ஒரே ஆள் அவள்தான். அந்த மாதம் முழுவதும் அவள் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினாள். அடுப்போடு பேசினாள், பூனையோடு பேசினாள், பதில் வராத சாமியார்களோடு பேசி அலுத்துப்போய்த் திரும்பவும் அடுப்போடு பேசினாள்.

மாசானம் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருந்தார். தூக்கம் கண்ணைச் சொருகியது. பட்டப்பகலில் துண்டை எடுத்து வாயைக் கட்டிக்கொண்டார். தூங்கிவிட்டால் என்ன செய்வது என்று அவர் யோசித்திருந்தார். விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை.

நல்லபெருமாள் மாமரத்தடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாசானத்தின் தலை ஒரு பக்கம் சரிந்தது, நிமிர்ந்தது, மறுபடி சரிந்தது. போய்த் தட்டி எழுப்பலாம். அதற்கு வாய் வேண்டாம், விரலே போதும். ஆனால் துண்டு கொஞ்சம் நெகிழ்ந்திருப்பதுபோல அவருக்குத் தெரிந்தது. இன்னும் சற்றுப் பொறுத்தால் ஏலம் ஆரம்பிக்கக்கூடும் என்று மனத்தின் ஒரு மூலை சொன்னது. அவர் பொறுத்தார்.

மாசானம் பின்பக்கமாகச் சாய்ந்தார். சுவரில் ஆள் இல்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

நல்லபெருமாள் ஓடினார். எட்டிப் பார்த்தார். மாசானம் மூழ்கி எழுந்து, மோட்டார்க் குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தொங்கினார். துண்டு நெகிழவில்லை. நனைந்து இன்னும் இறுகியிருந்தது. இருவர் கண்களும் சந்தித்தன.

மாசானம் இன்னொரு கையால் தன் வாயைத் தொட்டுக் காட்டினார். மறுபடி காட்டினார். மறுபடியும்.

நல்லபெருமாளுக்குக் கண் கலங்கியது. இந்த நிலையிலும் நான் வாயைத் திறக்கவில்லை பார், நீயும் திறந்துவிடாதே என்கிறார் என்று எடுத்துக்கொண்டார். கிணற்றுக்குள்ளிருந்து "ம்ம்ம்" என்று ஒரு முனகல் எழும்பி வந்தது. அது அவர் காதில் ஓம் என்று விழுந்தது. அவர் கை தானாகக் குவிந்தது.

ஆனால் அவர் கும்பிட்டுக்கொண்டே நின்றுவிடவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். அவருக்கு நீச்சல் தெரியாது. மோட்டார் வந்த பிறகு கிணற்றில் வாளியும் இல்லை, கயிறும் இல்லை. வேட்டியை அவிழ்த்து உள்ளே விட்டார். எட்டவில்லை. தன் தோள்துண்டை அதனோடு முடிந்து விட்டார். அப்போதும் ஒரு முழம் பாக்கி. மாசானம் அதைப் பிடிக்கக் கையை எடுத்தார், வழுக்கினார், திரும்பவும் குழாயைப் பற்றிக்கொண்டார். வேட்டி தண்ணீரில் விழுந்து மிதந்தது.

கோவணத்தோடு நல்லபெருமாள் அடுக்களைக்கு ஓடினார்.

பேராச்சி நிமிர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காவி வாங்குகிறதுக்கு முந்தின நாளே வெள்ளையைக் கழற்றிவிட வேண்டுமோ, இதெல்லாம் எந்த ஊர் சாஸ்திரம் என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். நல்லபெருமாள் அவள் முன்னால் போய் நின்று கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினார். பிறகு தண்ணீருக்கு உண்டான சைகையைக் காட்டினார்.

"தொட்டி நிறையக் கிடக்கு சாமி. காலையிலதான் மோட்டார் போட்டேன்" என்றாள் பேராச்சி.

அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பிதுக்கி, கைகளை மேலே தூக்கி ஆட்டி, மூழ்குவதுபோலக் குனிந்து காட்டினார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். உண்மையாகவே திறந்தார். 'மா' என்ற எழுத்து தொண்டைக்கு வந்துவிட்டது. இன்னும் அரைக்கணம் இருந்தால் வெளியே விழுந்திருக்கும்.

"விக்கலா சாமி? அதை முதல்லயே காட்டப்பிடாதா" என்று பேராச்சி அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். திறந்த வாயில் செம்புத் தண்ணீரைக் கவிழ்த்தாள்.

அவர் குடித்தார். எழுத்து உள்ளே போய்விட்டது.

அந்தக் கணத்தில் அவருக்கு என்ன தோன்றியது என்பது வெட்கமான விஷயம். ஏதோ ஒரு சக்தி தன் விரதத்தைக் காப்பாற்றிவிட்டது என்று தோன்றியது.

வெளியே ஓடி மணியை அடித்தார். விடாமல் அடித்தார். மடத்தில் மணி என்றால் சாப்பாடு. சீடர்கள் நாலா பக்கத்திலிருந்தும் வந்தார்கள், கை கால் கழுவினார்கள், பந்தியில் வரிசையாக உட்கார்ந்து இலையைத் துடைத்துக்கொண்டார்கள். உலையே இன்னும் கொதிக்கவில்லை, எந்தக் கொள்ளையில் போகிறவர் மணி அடித்தது என்று பேராச்சி உள்ளேயிருந்து கேட்டாள். எல்லோரும் நல்லபெருமாளைப் பார்த்தார்கள். கோவணத்தைப் பார்த்தார்கள். கடைசி நாளில் சிலருக்குப் பசி இப்படித்தான் மீறும் என்பதுபோல, பிரமநாயகம் என்ற வயதான சீடர் அவரைக் கைபிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். உட்கார்ந்தவர்களில் மாசானம் இல்லை என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. காலியாக இருந்தது முதல் இலை. இதுவரை யாரும் காவி வாங்காததால் அது எப்போதும் காலியாக இருக்கும் இலை.

நல்லபெருமாள் கையை உதறிக்கொண்டு எழுந்தார். கொடியில் காய்ந்த பேராச்சியின் சிவப்புச் சேலையை இழுத்து, தலைக்கு மேலே தூக்கிக் குறுக்கும் நெடுக்கும் ஆட்டினார். எந்த எஞ்சின் டிரைவரும் அதைக் கண்டால் ஒரு கணம் யோசிக்காமல் பிரேக்கைப் பிடித்திருப்பான். முற்றத்தில் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. பிரமநாயகம் எழுந்துவந்து ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, அவருக்குத் துணையாகக் காக்கை விரட்டினார்.

எழுதக்கூடாது. படம் வரைய வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே. இந்த யோசனை வந்ததும் நல்லபெருமாளுக்குப் பெரிய நிம்மதி. அடுப்புக்கரியை எடுத்துவந்து பந்திக்கு நடுவில், தரையில், ஒரு வட்டம் போட்டார். அதுதான் கிணறு. வட்டத்துக்குள் ஒரு மனிதனை வரைந்தார். அவசரத்தில் கால்கள் சரியாக வரவில்லை. மடக்கி வைத்ததுபோல வந்துவிட்டன. கைகளை மேலே தூக்கி வரைந்தார். அலைக்காக அவனைச் சுற்றிச் சில வளைவுகள் போட்டார்.

எல்லோரும் சூழ்ந்து நின்று பார்த்தார்கள். நெடுநேரம் பார்த்தார்கள். ஒருவர் கண்ணில் நீர் வந்தது. பிரமநாயகம் முற்றத்துக்குப் போய் ஒரு செம்பருத்தியைப் பறித்துவந்து வட்டத்தின் நடுவில் வைத்தார். பிறகு அதன் எதிரே உட்கார்ந்து கண்ணை மூடினார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

நல்லபெருமாள் கரிபிடித்த கையோடு நின்றார். கிணற்றுப் பக்கமிருந்து அந்த முனகல் இப்போது கேட்கவில்லை.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சாமி ஒரு பொட்டலத்தோடு இறங்கி உள்ளே வந்தார். சோறில்லாத இலைகளையும், கண்மூடி உட்கார்ந்திருந்தவர்களையும், தரையில் இருந்த வட்டத்தையும், கோவணத்தோடு நின்றவரையும் பார்த்தார்.

"மாசானம் எங்க?" என்றார்.

நல்லபெருமாள் கிணற்றைக் காட்டினார்.

சாமிக்கு அதை விளங்கிக்கொள்ள நேரமே ஆகவில்லை. பொட்டலம் கீழே விழுந்தது. "மாசானம், ஏ மாசானம்" என்று கத்திக்கொண்டு ஓடினார். அந்தக் குரலைக் கேட்டுக் களத்துமேட்டில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். நல்லபெருமாள் அதைக் கவனித்தார். ஒரு குரலுக்கு அத்தனை பேர். களத்துமேடு அவ்வளவு பக்கத்தில்தான் இருந்தது.

சாமி உடுத்த துணியோடு குதித்தார். களத்து ஆட்கள் கயிறு கொண்டுவந்தார்கள். மாசானத்தை மேலே எடுத்துக் கிடத்தினார்கள். சாமி முதலில் துண்டின் முடிச்சில் கையை வைத்தார். அவிழவில்லை. பேராச்சி கத்தி எடுத்துவந்தாள். துண்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

நெஞ்சை அழுத்தினார்கள், குப்புறப் போட்டார்கள், காலைப் பிடித்துத் தூக்கினார்கள். ஒன்றும் ஆகவில்லை.

துண்டு இருந்த இடத்தில், கன்னத்திலும் காதுக்குப் பின்னாலும், நகக்கீறல்கள். பிடரியில், முடிச்சு இருந்த இடத்தைச் சுற்றித் தோல் உரிந்திருந்தது. நல்லபெருமாள் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். வேறு பக்கத்தில் கிணறு இருந்தது.

போலீஸ் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் இளைஞர். யார் முதலில் பார்த்தது என்று கேட்டார். யாரும் பேசவில்லை. இவர்கள் எல்லோரும் பிறவியிலேயே இப்படியா என்று பேராச்சியிடம் கேட்டார். இல்லை, நாளைக்குக் காலையில் சரியாகிவிடும் என்றாள் பேராச்சி, அழுதுகொண்டே.

அவர் நல்லபெருமாள் பக்கம் திரும்பினார். கிணற்றில் அவர் வேட்டி மிதந்ததால் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை.

"நீங்க பாத்தீங்களா?"

நல்லபெருமாள் தலையை ஆட்டினார்.

"சத்தம் போட்டீங்களா?"

இல்லை என்று ஆட்டினார்.

"ஏன்?"

ஏன் என்ற கேள்விக்குத் தலையை ஆட்டிப் பதில் சொல்ல முடியாது.  சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, உடலை வண்டியில் ஏற்றச் சொன்னார்.

தை பிறந்தது. மற்ற வருஷங்களில் அந்த விடியலில் மடம் குருவிக்கூட்டம்போல இரையும். ஒரு மாதத்துப் பேச்சு ஒரே காலையில் கொட்டும். இந்த வருஷம் சூரியன் மேலே வந்த பிறகும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பிரமநாயகம்தான் பேசினார். கரிவட்டத்தின் நடுவில் வாடிக்கிடந்த செம்பருத்தியைப் பார்த்தபடி, "நான் பூ வச்சேனே" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

விசாரணை முடிந்து மாசானம் மத்தியானம் மடத்துக்குத் திரும்பினார். வீட்டார் வந்திருந்தார்கள். அவர் விருப்பப்படி இங்கேயே இருக்கட்டும் என்றார்கள். சாமி பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே இரண்டு காவித்துணி. ஒன்றை எடுத்து மாசானத்தின் மேல் போர்த்தினார். ஓரங்களைக் குழந்தைக்குச் செய்வதுபோல உள்ளே மடித்துவிட்டார். கிழக்குப் பக்கம் வேலியோரம் குழி வெட்டியிருந்தது. காவி உடுத்தவர்களை உட்கார வைத்துத்தான் அடக்கம் செய்வது வழக்கம். மாசானமும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

இரண்டாவது துணி சாமி அறையில், ஆணியில் தொங்கியது.

நல்லபெருமாள் காத்திருந்தார். அடக்கம் முடிந்தது. குளித்தார்கள். பேராச்சி ஒரு பேச்சும் இல்லாமல் சோறு போட்டாள். முதல் இலையை அவள் மாசானத்துக்கென்று போட்டு அதில் ஒரு பிடி வைத்தாள். நல்லபெருமாள் தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். சாமி ஒன்றும் சொல்லவில்லை. துணியைப் பற்றியும் சொல்லவில்லை, கிணற்றைப் பற்றியும் சொல்லவில்லை.

நல்லபெருமாளுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் ஒரு கை வாயைத் தொட்டுத் தொட்டுக் காட்டியது. அது என்ன சொன்னது என்று இப்போது அவருக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாமல் ஆக்க ஒரே வழிதான் இருந்தது. அந்தத் துணி தன் தோளுக்கு வந்துவிட்டால், நேற்று தான் செய்ததற்கு விரதம் என்று ஒரு பெயர் கிடைத்துவிடும். வராவிட்டால் அதற்கு என்ன பெயர்?

வெயில் தாழ்ந்ததும் அவர் எழுந்து போனார்.

சாமி கிணற்றடியில் இருந்தார். பழைய ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டு, புதுக் கயிறு ஒன்றைக் கோத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில், கைப்பிடிச் சுவரின் மேல், அந்தத் துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"என்ன வே?"

"ஒண்ணு கேக்கணும் சாமி."

"கேளும்."

நேராகக் கேட்க நல்லபெருமாளுக்கு நா எழவில்லை. சுற்றி வந்தார். "கார்த்திகைல உங்ககிட்ட மௌனம்னா என்னன்னு கேட்டேன். கிணத்தைப் பாரும்னு சொன்னீங்க. தினமும் பாத்தேன். அதைப் போலவே இருந்தேன்."

சாமி கயிற்றிலிருந்து கையை எடுத்தார்.

"எப்ப கேட்டீரு?"

"நீங்க தொட்டிப் பக்கம் நின்னுக்கிட்டிருந்தீங்க."

சாமி யோசித்தார். நினைவு வந்தது முகத்தில் தெரிந்தது.

"அன்னைக்கா. தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல. மோட்டார் போடலாமா, கிணத்துல தண்ணி கிடக்கான்னு பாக்கச் சொன்னேன். நீரு கேட்டது என் காதுலயே விழலை."

நல்லபெருமாளின் பார்வை தொட்டிக்குப் போய்த் திரும்பியது.

"போய்ப் பாத்தீரு. திரும்பி வந்தீரு. கும்பிட்டீரு. ஒண்ணும் சொல்லலை" என்றார் சாமி. "நான் குளிக்காமலே போயிட்டேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. கயிற்றின் நுனியை எடுத்து முடிச்சுப் போட ஆரம்பித்தார். ஒரு இழுப்பில் அவிழ்கிற முடிச்சு. போட்டுப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், அவிழ்ந்தது. மறுபடி போட்டார்.

காற்றில் களத்துமேட்டுப் பேச்சு வந்தது. யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். இங்கே நின்றால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

நல்லபெருமாள் கிணற்றைப் பார்க்காமல் துணியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நானும் ஒரு சொல்லு பேசலை, சாமி. மாசம் பூரா. நேத்தும் பேசலை."

சாமி அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு சுவரின் மேலிருந்த காவித்துணியை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

நல்லபெருமாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். புதுத்துணியின் வாசனை. அவர் தோள் குலுங்கியது. துணியைப் பிரித்துத் தோளில் போடப் போனார்.

"உமக்கு இல்லை" என்றார் சாமி. "கிணத்தைச் சுத்திக் கட்டும்."

"கிணத்துக்கா?"

"அதுவும் ஒரு சொல்லு பேசலை. உமக்கு முந்தியே இங்க வந்தது. மூத்தவுக முதல்ல உடுத்தட்டும்."